வீட்டு இசைப் பெட்டியும் புதுமை மோகமும்

நாயொன்று ஒலிக்குழலின் வாயருகே அமர்ந்து, தலையைச் சற்றே சாய்த்துச் செவிகொடுத்திருக்கும் படத்தை அறியாத தமிழ்க் குடும்பம் இருத்தல் அரிது. இசைத்தட்டின் நடுவிலும் ஊசி டப்பாவின் மூடியிலும் அப்படம் இருந்தது. ஆனால் அதற்குள் இன்னொரு படம் மறைந்திருக்கும் செய்தியைப் பலர் அறியார். பிரான்சிஸ் பாராட் என்னும் ஆங்கில ஓவியர் அதனை முதலில் தீட்டியபோது நாயின் எதிரே இருந்தது, எடிசன் முறையில் அமைந்த உருளை போனோகிராப். 1899ஆம் ஆண்டில் லண்டன் கிராமபோன் கம்பெனியார் அவ்வோவியத்தை வாங்க இசைந்தனர். ஆனால் பழைய இயந்திரத்தை மறைத்து அவ்விடத்தில் தங்கள் இயந்திரத்தை வரைந்து தரவேண்டும் என்று நிபந்தனை விதித்தனர். ஓவியத்துக்கு 50 பவுன், உரிமைக்கு 50 பவுன், ஆக 100 பவுன் பெற்றுக்கொண்டு ஓவியரும் அவ்வாறே செய்தார். மூல ஓவியத்தைத் தக்க வெளிச்சத்தில் நோக்கினால் வண்ணத்துக்கு அடியில் பழைய போனோகிராப்பின் வடிவம் தெரியும் என்பர்.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டுவது ஒன்றுண்டு. உருளை போனோகிராப்பைக் கொண்டு வீட்டில் இருந்தபடியே ஒருவர் தம் குரலைப் பதிவு செய்யலாம். மெழுகு உருளையைப் பொருத்திக் குழலுக்குள் பேசினால் போதும். கிராமபோனிலோ கம்பெனியார் அச்சிட்டுத் தந்த தட்டைக் கேட்கத்தான் முடியும். ஆகவே, மறைந்துபோன எசமானின் குரலை நாய் கேட்டு மயங்குவது முதலில் வரைந்த படத்துக்குப் பொருந்தும். திருத்திய படத்துக்கோ, எசமான் கம்பெனியாரிடம் போய்ப் பாடிக் கொடுத்தவராக இருந்தாலொழியப் பொருந்தாது! கிராமபோனால் நன்மைகள் இல்லாமற் போகவில்லை. தட்டுகளை ஆயிரக்கணக்கில் மலிவாக அச்சிடலாம், அடுக்கி வைக்கலாம். எனினும் வீட்டாரின் குரலைப் பதிந்து வைக்கும் வசதி அந்த மாற்றத்தில் வீட்டை விட்டு வெளியேறியது. சாதாரணக் குடும்பத்துக்கு அஃது எளிதாக மீண்டும் கிடைக்க 60 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

பூஜை நாட்களும் தீபாவளியும் நெருங்கும்போது, பழைய பெட்டியைக் கொடுத்துவிட்டுப் புதியதைக் கொண்டு செல்லுங்கள் என்னும் விளம்பரங்கள் நம் காலனி வாசலிலேயே தொங்குகின்றன. நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும் பெட்டிகள் ஆண்டுதோறும் ரிக்ஷா வண்டியில் ஏறிப் போவதையும் நாம் காண்கிறோம். ஆதலின் வீட்டு இசைப் பெட்டிகள் எத்தனை முறை மாறின, அவற்றுள் எந்த மாற்றம் செவிக்காக வந்தது, எது கடைக்காக வந்தது என்று வரலாற்றைக் கொண்டு ஆராய்வது இம்மலருக்குப் பொருத்தமாகும் எனக் கருதுகிறோம்.

அவ்வரலாற்றில் பெரும்பகுதி நாம் குடியிருக்கும் இந்தக் கல்கத்தாவில் நிகழ்ந்தது என்பது நமக்கு ஒரு பெருமை. 1902ஆம் ஆண்டு நவம்பரில் கெய்ஸ்பர்க் என்பவர் கம்பெனியின் சார்பில் இந்நகருக்கு வந்து கோஹர் ஜான் அம்மையாரின் பாட்டைப் பதிவு செய்தார். அப்போது தட்டுகளை அச்சிட ஜெர்மனிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. 1908இல் சியால்தாவில் தொழிற்சாலை ஏற்பட்டது. 1928இல் டம்டம்மில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. நம் பாட்டனார் காலத்தில் தஞ்சையிலும் திருநெல்வேலியிலும் ஒலித்த அக்கம்பெனியின் தட்டுகள் இங்கே பிறந்து தெற்கே சென்றவை. நாம் பிழைப்புக்காக வடக்கே வந்த வழியில் நம் பாட்டு அதற்கு முன்பே எதிர்த்திசையில் பயணம் செய்திருக்கிறது.

தட்டுக்கு வேண்டிய மூலப்பொருளும் அண்டையிலேயே கிடைத்தது. புரூலியா, ராஞ்சிப் பகுதிக் காடுகளில் புரசு, இலந்தை முதலிய மரங்களில் வாழும் சிறு பூச்சி தரும் அரக்கே அது. பார்சல் மூட்டைகளுக்கு முத்திரை வைக்க உருக்கினார்களே, அதே அரக்குத்தான். உலகம் முழுவதும் 78 சுற்றுத் தட்டுகள் இவ்வரக்கைக் கொண்டே செய்யப்பட்டன. அரக்கு ஆராய்ச்சிக்கென்றே ராஞ்சிக்கு அருகில் நாம்கும் என்னும் இடத்தில் 1924இல் ஒரு நிலையம் ஏற்பட்டதிலிருந்து அதன் மதிப்பு விளங்கும்.

இனி மாற்றங்களைப் பார்ப்போம். முதல் மெய்யான மாற்றம் 1925இல் நிகழ்ந்தது. அதற்கு முன் பாடகர் ஒரு பெரிய குழலின் வாயருகே நின்று உரக்கப் பாடவேண்டும். அவ்வதிர்ச்சியே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். விநாடிக்குச் சுமார் 250 முதல் 2,500 வரையிலான அதிர்வுகளே அம்முறையில் பதிந்தன. மிருதங்கத்தின் தொப்பியும் தம்புராவின் ரீங்காரமும் பெரும்பாலும் அடிபட்டுப் போயின. ஒலிவாங்கியும் மின்சாரமும் வந்தபின் அவ்வெல்லை சுமார் 5,000, 6,000 வரை விரிந்தது. 1926இல் பத்து வயதுச் சிறுமியாக எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார் தம் அன்னையாரின் வீணையுடன் முதல் தட்டுக்குப் பாடியது இந்த மாற்றக் காலத்திலேதான். கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் தமிழ்நாட்டின் வீதிதோறும் ஒலித்ததும் அதனை அடுத்த ஆண்டுகளில்தான். இம்மாற்றத்தைச் செவியால் அறியலாம். விளம்பரம் வந்து சொல்ல வேண்டுவதில்லை.

இரண்டாவது மெய்யான மாற்றம் 1948இல் அமெரிக்கக் கொலம்பியா கம்பெனியார் வெளியிட்ட நெடுந்தட்டு. 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்றே மேற்படும். ராகத்தைத் தொட்டுப் பல்லவியைக் காட்டி அனுபல்லவிக்குள் நுழைவதற்குள் ஊசி நடுவுக்கு வந்துவிடும். கச்சேரியில் ஒரு ராகத்தை அரைமணி நேரம் விரித்தவர்கள் தட்டுக்காக அதைச் சிட்டிகை அளவாகச் சுருக்கினார்கள். நெடுந்தட்டில் பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. பாடகர் மூச்சுவிட இடம் கிடைத்தது எனலாம்.

ஆனால் அடுத்த ஆண்டே வேடிக்கை தொடங்கிற்று. கொலம்பியாவுக்குப் போட்டியாக ஆர்.சி.ஏ. விக்டர் கம்பெனியார் 1949இல் 45 சுற்றுத் தட்டை வெளியிட்டனர். அதன் நடுத்துளையும் பெரிது, வேகமும் வேறு. 78, 45, முப்பத்து மூன்றேகால் என மூன்று வேகங்கள்! எந்தப் பெட்டியை வாங்குவது என்று அறியாமல் அமெரிக்க மக்கள் திகைத்து நின்றனர், விற்பனை மந்தமாயிற்று. கடைசியில் இரு கம்பெனியாரும் ஒருவர் முறையை மற்றவர் ஏற்றுக்கொண்டனர். அவசரப்பட்டு வாங்காமல் பொறுத்திருந்தவருக்கு மூன்று வேகத்திலும் சுழலும் பெட்டி கிடைத்தது.

இங்கே நம் நாட்டு வரலாறு தனி வழியில் செல்கிறது. இங்கிலாந்தில் 78 சுற்றுத் தட்டு 1960களின் தொடக்கத்திலேயே மறைந்துவிட்டது. டம்டம்மிலோ அதற்குப் பின்னும் சில ஆண்டுகள் அச்சாகிக் கொண்டிருந்தது. பீட்டில்ஸ் என்னும் ஆங்கில இளைஞர் குழுவின் பாட்டுகள் அவர்தம் சொந்த நாட்டில் 78 சுற்றில் கிடைக்கவில்லை. இங்கே 1960களின் நடுப்பகுதியிலும் அச்சடித்து விற்றார்கள். இன்று அத்தட்டுகளைத் தேடி வெளிநாட்டார் பெரும்பொருள் கொடுக்கின்றனர். காரணம் யாது? மின்சாரம் எட்டாத ஊர்களில் சாவி கொடுக்கும் பெட்டிகள் ஏராளமாக இருந்தன. ஒரு கல்யாணத்துக்கு வாங்கிய பெட்டி அடுத்த தலைமுறையின் கல்யாணத்திலும் பாடிற்று. வில் தளர்ந்தால் மாற்றுவார்கள். ஊசி தேய்ந்தால் டப்பாவிலிருந்து வேறு ஊசி எடுப்பார்கள். இவ்வீடுகள் பெட்டியை மாற்றவில்லை. ஆகவே கம்பெனியாரும் தங்கள் தட்டை மாற்ற முடியவில்லை. வாங்குகிறவன் அசையாதிருந்தால் விற்கிறவன் இறங்கி வருவான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நாம் கண்டதில்லை.

வானொலிப் பெட்டியின் கதையும் இத்தகையதே. 1938இல் சென்னை நிலையமும் 1939இல் திருச்சி நிலையமும் தொடங்கின. பெட்டி வைத்திருப்போர் ஆண்டுதோறும் தபால் நிலையத்தில் லைசென்ஸ் கட்டவேண்டும். 1980களில்தான் அவ்வழக்கம் ஒழிந்தது. மர்பி, பிலிப்ஸ், புஷ் என்று ஒரு பெட்டி வந்தால் அது வீட்டில் ஒரு மூத்தவரைப் போல உயரமான இடத்தில் அமர்ந்துவிடும். மேலே பூவேலை செய்த துணி. வால்வு சூடேறும் வரை அனைவரும் காத்திருப்பர். வெளிமாநிலத் தமிழர்க்குப் பெரிய பாடு, இரவில் சிற்றலையில் சென்னையைத் தேடிப் பிடிப்பதுதான். முள்ளை மயிரிழை அளவு நகர்த்தினால் தமிழ் வரும். இன்னும் ஓர் இழை நகர்த்தினால் வேறு ஏதோ பாஷை வந்து அமுக்கிவிடும். அதற்கு அக்காலத்தார் கண்ட பரிகாரம் புதிய பெட்டி வாங்குவது அன்று. மாடியில் ஏரியல் கம்பியைச் சற்று நீளமாகவும் உயரமாகவும் கட்டினர். சில ரூபாய்ச் செலவில் நூற்றுக்கணக்கான ரூபாய்ப் பெட்டி தர இயலாத பயன் கிடைத்தது. மின்சாரம் ஓடும் கம்பியைத் தொடாமல் கட்டினால் சரி என்பது மட்டுமே வீட்டுப் பெண்மணிகளின் கவலையாக இருந்தது.

முன்னோரின் இந்தப் பொறுமையை நாம் மிகையாகப் புகழ விரும்பவில்லை. பெட்டியின் விலை இரண்டு மூன்று மாதச் சம்பளத்தை விழுங்கியது. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தது. வாங்க முடியாததால் வாங்காமல் இருந்தவர்களே மிகுதி. 1991க்குப் பிறகு அக்கட்டுகள் தளர்ந்தன. தவணை வசதியும் வந்தது. அன்று அரசாங்கமும் வறுமையும் போட்ட கடிவாளத்தை இன்று நாமே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அது கடினமானதுதான்.

மேலும் எதிர்த்தரப்பாரும் சும்மா இருப்பவர்கள் அல்லர். 1932இல், அமெரிக்காவில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலத்தில், பெர்னார்டு லண்டன் என்பவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஒவ்வொரு பொருளுக்கும் அரசாங்கமே ஆயுளை நிர்ணயிக்க வேண்டும். கெடு முடிந்த பொருள் சட்டப்படி இறந்ததாகக் கொண்டு, நன்றாக இருந்தாலும் ஒப்படைத்து அழிக்கவேண்டும். அப்போதுதான் தொழிற்சாலை ஓடும் என்பது அவர் யோசனை. எந்த அரசாங்கமும் அப்படிச் சட்டம் இயற்றவில்லை. சட்டமின்றியே அது நடைபெற்று வருவதை நாம் காண்கிறோம்.

நிற்க. 1963இல் ஹாலந்து நாட்டுப் பிலிப்ஸ் கம்பெனியார் வெளியிட்ட கேசட்டை மூன்றாவது மெய்யான மாற்றமாகக் கொள்ளலாம். ஒலியின் தரத்தை மட்டும் எடைபோட்டால் அது நெடுந்தட்டுக்குக் குறைந்ததுதான். நாடாவின் இரைச்சல் எப்போதும் கூடவே வரும். ஆனால் போனோகிராப்போடு போன உரிமையை அது வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு வந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் நம் குரலும் பதியும். தமிழ்நாட்டு ஊர்களில் பாட்டுகளின் பட்டியலையும் காலி நாடாவையும் கொடுத்தால் பதிந்து தரும் கடைகள் தெருவுக்குத் தெரு தோன்றின. அரபு நாடுகளுக்குச் சென்றவர்கள் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்பினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாரும் பதில் பேசி அனுப்பினார்கள். நம் காலனியிலும் அத்தகைய நாடாக்கள் பல வீடுகளில் உள்ளன. குழந்தையின் முதல் மழலை, கும்பகோணத்துப் பாட்டி சொன்ன கதை, சீமந்தத்தில் அத்தை பாடிய ஊஞ்சற் பாட்டு, நம் சங்கத்தின் பழைய ஆண்டு விழாக்களில் மேடையில் பாடியவர்களின் குரல் ஆகியவை எந்தக் கம்பெனியின் பட்டியலிலும் இல்லை. எந்தக் கைபேசியில் தேடினாலும் வாரா. உலகத்தில் ஒரே பிரதி அந்த நாடாதான். அதனைப் பாடவைக்கும் பெட்டியைத்தான், பழையது என்று சில நூறு ரூபாய்க் கழிவுக்காகப் பண்டிகைக் காலத்தில் கொடுத்துவிடுகிறோம். பிறகு நாடா அலமாரியில் ஊமையாகக் கிடக்கிறது. வீடு மாறும்போது அதுவும் குப்பைக்குப் போகிறது.

குறுந்தகடு 1982இல் வந்தது. ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளந்து எண்களாகப் பதியும் முறை அது. மனிதச் செவி கேட்கக்கூடியது ஏறத்தாழ 20 முதல் 20,000 அதிர்வுகள் வரை. மேல் எல்லையைப் போல் இருமடங்குக்கு மேல் அளந்தால் அதற்குட்பட்டதெல்லாம் அடங்கிவிடும் என்பது கணக்கு. அதாவது செவியின் எல்லையை இயந்திரம் அன்றே எட்டிவிட்டது. ஆயினும் வியாபாரம் நிற்கவில்லை. 1999இல் எஸ்.ஏ.சி.டி., 2000இல் டி.வி.டி. ஆடியோ என்று இன்னும் நுட்பமான தகடுகள் வந்தன. 2007இல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தார் இருவர், இன்னது ஒலிக்கிறது என்று சொல்லாமல் உயர்தரத் தகட்டையும் சாதாரணக் குறுந்தகட்டின் தரத்தையும் மாற்றி மாற்றிக் கேட்கச் செய்து, வேறுபாடு தெரிகிறதா என்று 550க்கு மேற்பட்ட முறை சோதித்தனர். ஏறத்தாழச் சரிபாதி விடைகளே சரியாயின. காசைச் சுண்டி விடை சொன்னாலும் அவ்வளவு வரும். நாற்பதைத் தாண்டிய நம் போன்றோர்க்கு உச்ச அதிர்வுகள் தாமே மங்கிவருவதையும் கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இடையில் தோன்றி மறைந்தவை பல. 1970களின் நாலுமூலை ஒலிமுறை, ஒன்றுக்கொன்று ஒவ்வாத வகைகளாக வந்து தானே அழிந்தது. 1992இல் வந்த டி.சி.சி. என்னும் கேசட் 1996இலேயே நின்றது. அதே 1992இல் சோனி கம்பெனியார் விற்கத் தொடங்கிய மினி டிஸ்க் சற்று நெடுங்காலம் இழுத்துப் பறித்தது. இவற்றை முந்திக்கொண்டு வாங்கியவர்களின் அலமாரியில் இப்போது என்ன இருக்கிறது என்று நாம் கேட்கவேண்டியதில்லை.

ஒரே பாட்டை ஒரு குடும்பம் எத்தனை முறை விலைக்கு வாங்குகிறது என்பதற்கு வேங்கடேச சுப்ரபாதத்தை எடுத்துக்கொள்வோம். எம்.எஸ். அவர்கள் பாடிய அத்தட்டு 1963இல் வெளிவந்தது. அதன் உரிமைத் தொகை திருப்பதி தேவஸ்தானத்துக்குச் சேர்ந்தது. தட்டாக வாங்கியவர்கள் பிறகு கேசட்டாக வாங்கினார்கள், அதன்பின் குறுந்தகடாக, அதன்பின் ஆயிரக்கணக்கான பாட்டுகளைத் தன்னுள் அடக்கிய, பழைய வானொலி வடிவிலான பெட்டிக்குள். நான்கு முறையும் விடியற்காலையில் கேட்டது 1963இல் பாடிய அதே குரல். அன்று ஒலிவாங்கி எவ்வளவு பிடித்ததோ அவ்வளவே அதில் உண்டு. கிட்டப்பா பாடிய தட்டிலும் 6,000 அதிர்வுக்கு மேல் ஒன்றும் இல்லை. அதனை லட்ச ரூபாய் ஒலிபெருக்கியில் கேட்டால் அரக்கின் கீறல் சத்தம்தான் முன்னிலும் தெளிவாகக் கேட்கும்.

இக்காலப் பெட்டிகளில் இன்னொரு குறையும் சேர்ந்திருக்கிறது. வால்வை மாற்றலாம், வில்லை மாற்றலாம், கேசட் பெட்டியின் ரப்பர் பெல்ட்டை மாற்றலாம். காதுக்குள் செருகும் கம்பியில்லாக் கருவிகள் பெரும்பாலானவற்றில் பாட்டரியை வெளியே எடுக்க வழியில்லை. சில ஆண்டுகளில் பாட்டரி சோர்ந்ததும் கருவி முழுவதும் குப்பை. இவை பரவியதற்குத் தூண்டுகோலாக, 2016இல் ஆப்பிள் கம்பெனியார் தங்கள் புதிய கைபேசியில் செவிக்கருவிக்கான துளையையே நீக்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் பெண்கள் செருகி எடுத்த முளையின் வழிவந்தது அத்துளை. நூறாண்டைக் கடந்து ஒத்துழைத்த ஒன்றை ஒரே நாளில் எடுத்துவிட்டார்கள். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பின்தொடர்ந்தார்கள்.

இதற்கிடையில் கழித்துப் போட்டதே மீண்டும் வந்திருப்பது பெரிய வேடிக்கை. 2022இல் அமெரிக்காவில் இசைத்தட்டுகளின் விற்பனை எண்ணிக்கையில் குறுந்தகட்டை மிஞ்சியது. 1987க்குப் பின் அவ்வாறு நேர்ந்தது அதுவே முதல் முறை. நம் கல்கத்தாவின் ஃப்ரீ ஸ்கூல் தெருவில் பழைய தட்டு விற்போரிடம் போனால், எடைக்குப் போட்ட வீட்டாரின் பிள்ளைகளே பேரம் பேசிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

ஆகவே புதியது எதையும் வாங்கலாகாது என்று நாம் சொல்ல வரவில்லை. கெட்டுப்போனால் வாங்கத்தான் வேண்டும். பாட்டைக் கேட்க இருக்கும் பெட்டி போதுமானதாக இருக்கையில், அதனை நீக்குமுன் அதில் மட்டுமே பாடக்கூடியது வீட்டில் ஏதேனும் உண்டா என்று அலமாரியைத் திறந்து பார்க்கும்படி கேட்கிறோம். வங்காளத்து மழைக்காலம் நாடாவுக்குப் பகை. வெண்மையாகப் பூஞ்சை பூத்த நாடாவை அப்படியே பெட்டியில் இட்டால் நாடாவும் கெடும், பெட்டியின் தலையும் கெடும். ஒலிபெருக்கியின் காந்தத்தின் அருகே வைப்பதும் ஆகாது. நிமிர்த்தி, உறையுடன், ஈரம் படாத இடத்தில் வைக்கவேண்டும். ஆண்டுக்கொருமுறை முழுவதும் ஓட்டித் திருப்பிச் சுற்றுவது நலம். தலையைச் சிறிது ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தாலே மங்கிய ஒலி பெரும்பாலும் தெளிந்துவிடும்.

நம் சங்க நூலக அறையில் இயங்கும் நிலையிலுள்ள டேப் ரிக்கார்டர் ஒன்று இருக்கிறது. அதிலிருந்து கம்பி வழியே கணிப்பொறிக்குப் பதிவு எடுத்துத் தர இளைஞர் இருவர் முன்வந்திருக்கின்றனர். ஞாயிறு மாலைகளில் நாடாக்களைக் கொண்டு வரலாம். உறையின்மேல் குடும்பத்தின் பெயரையும், பேசுகிறவர் யார், எந்த ஊர், சுமாராக எந்த ஆண்டு என்பதையும் மையால் எழுதித் தரவேண்டுகிறோம். அடையாளம் சொல்லக்கூடிய மூத்தவர் வீட்டில் இருக்கிறார் என்றால் அவரையும் உடன் அழைத்து வருவது நல்லது.